சுட்டவர் அனுப்பிய சிறகு

வட அமெரிக்காவின் காட்டுப் பறவைகளில் மனிதர்கள் மிக நுணுக்கமாக அறிந்து வைத்திருப்பவை எவை என்று என்னைக் கேட்டால், தயங்காமல் வாத்துகள் என்பேன். மல்லார்ட் எனப்படும் பச்சைத்தலை வாத்து சென்ற இளவேனிலில் எத்தனை இருந்தது, அவற்றில் எத்தனை கூடு கட்டி வெற்றி கண்டன, பிறந்த குஞ்சுகளில் எத்தனை இலையுதிர்காலம் வரை பிழைத்தன, ஆண் எவ்வளவு, பெண் எவ்வளவு, எந்த வழியாகத் தெற்கே போயின, எங்கே செத்தன என்ற ஒவ்வொரு கேள்விக்கும் ஏறக்குறைய எழுபது ஆண்டுத் தொடர் கணக்கு இருக்கிறது. ஒரு பாட்டுப் பறவைக்கோ கரையோரப் பறவைக்கோ இதில் பாதி விவரம்கூட இல்லை. இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் எளிது: வாத்துகளை மனிதர்கள் சுடுகிறார்கள், பாட்டுப் பறவைகளைச் சுடுவதில்லை. சுடப்பட்ட பறவை கணக்கில் ஏறுகிறது. அந்தக் கணக்கே அடுத்த ஆண்டு எத்தனை சுடலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

நான் வேட்டைக்காரன் அல்லன். மின்னசோட்டாவில் குடியேறிய பிறகும் துப்பாக்கியைக் கையில் எடுக்க எனக்கு விருப்பம் வந்ததில்லை. தொலைநோக்கியோடு ஏரிக்கரையில் நிற்பதோடு என் ஈடுபாடு முடிந்துவிடும். கொல்பவர்களே காப்பவர்கள் என்ற பேச்சை முதலில் கேட்டபோது, பழியைக் கழுவிக்கொள்ள யாரோ கட்டிய வாதம் என்றே நினைத்தேன். பின்னர் அதன் பின்னாலுள்ள கணக்குகளைப் படிக்கப் படிக்க, அந்த வாதம் பாதிதான் உண்மை என்றும், உண்மையான அந்தப் பாதி நான் எதிர்பார்த்ததைவிடச் சுவையானது என்றும் தெரிந்தது. வேட்டைக்காரர்கள் நல்லவர்கள் என்பதால் இந்த ஏற்பாடு நிற்கவில்லை. எண்ணாமல் சுடக்கூடாது என்று சட்டம் வந்ததாலும், எண்ணும் வேலையில் சுடுபவரையே கூலியில்லாத உதவியாளராக அறிவியல் சேர்த்துக்கொண்டதாலும்தான் நிற்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை வேறாக இருந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையின் செசபீக் விரிகுடாவில், படகின் முனையில் பொருத்தி வெடிக்கும் பெருந்துப்பாக்கிகளைக் கொண்டு, நீரில் கூட்டமாக உறங்கும் வாத்துகளை ஒரே வெடியில் டசன் கணக்கில் வீழ்த்தி, பீப்பாய்களில் அடைத்து நகரத்து உணவு விடுதிகளுக்கு அனுப்பினார்கள். சந்தைக்காகச் சுட்டவர்களுக்கு வரம்பும் இல்லை, பருவமும் இல்லை. வடக்கே முட்டையிடப் போகும் பறவையையும் இளவேனிலில் சுட்டார்கள். லாப்ரடார் வாத்து 1870களில் அழிந்தே போனது. வலசைப் பறவைகளைச் சுடுவதைக் கட்டுப்படுத்த 1913-ல் வந்த முதல் கூட்டாட்சிச் சட்டம் அரசியலமைப்புக்கு உட்பட்டதா என்ற வழக்கில் தடுமாறியதால், அமெரிக்க அரசு வேறொரு வழியைப் பிடித்தது: 1916-ல், கனடாவின் சார்பில் பிரிட்டனுடன் வலசைப் பறவை ஒப்பந்தம் செய்துகொண்டு, 1918-ல் அதை நிறைவேற்றும் சட்டத்தை இயற்றியது. பறவைகள் தங்கள் மாநிலத்துக்குச் சொந்தம் என்று மிசௌரி மாநிலம் வழக்காடியபோது, 1920-ல் உச்ச நீதிமன்றம், இன்று இங்கும் நாளை ஆயிரம் மைலுக்கு அப்பாலும் இருக்கக்கூடிய ஒன்றின்மீது மாநிலம் உரிமை கொண்டாட முடியாது என்ற போக்கில் தீர்ப்பளித்தது. சந்தை வேட்டை அத்துடன் ஒழிந்தது. எத்தனை பறவை இருக்கிறது, எத்தனை எடுக்கலாம் என்ற பொறுப்பு முதன்முறையாக ஓர் அலுவலகத்தின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அந்த அலுவலகத்திடம் அப்போது எண்கள் எதுவும் இல்லை என்பது வேறு கதை.

பணம் வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். 1930களின் வறட்சியில் புல்வெளிக் குட்டைகள் வற்றி, வாத்துகளின் எண்ணிக்கை சரிந்த காலத்தில், அயோவாவைச் சேர்ந்த கேலிச்சித்திரக்காரர் ஜே. என். 'டிங்' டார்லிங், தன் சித்திரங்களில் அரசை விளாசிக்கொண்டிருந்தவர், 1934-ல் அதே அரசின் உயிரியல் ஆய்வுத் துறைக்குத் தலைவராக அமர்த்தப்பட்டார். அவ்வாண்டே வாத்து அஞ்சல்தலைச் சட்டம் வந்தது. பதினாறு வயது நிறைந்த ஒவ்வொரு நீர்ப்பறவை வேட்டைக்காரரும் ஆண்டுதோறும் ஒரு டாலர் கொடுத்து அந்தத் தலையை வாங்க வேண்டும். முதல் தலைக்கான படத்தை டார்லிங்கே வரைந்தார். முதல் ஆண்டு 6,35,001 தலைகள் விற்றன. இன்று அதன் விலை 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் நேராகச் சதுப்பு நிலமும் புல்வெளியும் வாங்கவோ பாதுகாக்கவோ போகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல் காக்கப்பட்டிருக்கிறது. 1937-ல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கிகள்மீதும் தோட்டாக்கள்மீதும் போட்ட வரியிலிருந்து மாநிலங்களின் வனவுயிர்த் துறைகள் நடக்கின்றன. பணத்தைப் பற்றி எழுதுபவர்கள் இதையே பக்கம் பக்கமாக எழுதுவார்கள். பணத்தைவிட வேட்டைக்காரர் தரும் தகவலே அரிது என்பது என் எண்ணம். ஆகவே அதற்கு வருகிறேன்.

அந்தத் தகவலில் பழையது கால்வளையம். அலுமினியத்தில் செய்த மெல்லிய வளையம். அதில் ஓர் எண்ணும், கண்டெடுத்தவர் தெரிவிக்க வேண்டிய முகவரியும் பொறித்திருக்கும். கோடையின் பிற்பகுதியில், சோளத்தை இரையாக இட்ட கூண்டுகளில் வாத்துகளைப் பிடித்து, இனம், பால், வயது குறித்துக்கொண்டு, வளையம் மாட்டிப் பறக்கவிடுவார்கள். சில வாரங்களில் வேட்டைப் பருவம் தொடங்கும். பறவையைச் சுட்டவர் வளையத்தைக் கண்டு எண்ணைத் தெரிவித்தால், அந்தப் பறவை எங்கே, எப்போது வளையமிடப்பட்டது என்ற விவரத்தோடு ஒரு பாராட்டுச் சான்றிதழ் அவருக்கு வரும். வேட்டைக்காரர்களிடையே அந்த வளையத்துக்கு இருக்கும் மதிப்பு வெளியாட்களுக்கு வியப்பாக இருக்கும். வாத்தை அழைக்கும் ஊதுகுழலைக் கழுத்தில் தொங்கவிடும் கயிற்றில், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த வளையங்களைக் கோத்து அணிந்துகொள்கிறார்கள். புள்ளியியலுக்காக மாட்டிய ஒரு தகடு அணிகலனாகிவிட்டது. அதனாலேயே தகவலும் தவறாமல் வருகிறது.

இந்த வளையங்களைக் கொண்டு இரண்டு பெரிய காரியங்களைச் செய்தவர் ஃபிரெடெரிக் லிங்கன். 1920 முதல் கூட்டாட்சி அரசின் வளையமிடும் பணியை நடத்தியவர் அவர். வளையமிட்ட இடத்தையும் மீண்டும் கிடைத்த இடத்தையும் வரைபடத்தில் கோடிட்டு இணைத்துப் பார்த்து, வலசை வழிகள் அட்லாண்டிக், மிசிசிப்பி, நடுச் சமவெளி, பசிபிக் என நான்கு பெரும்பாதைகளாகப் பிரிகின்றன என்று 1930களில் காட்டினார். வேட்டை விதிகள் இன்றும் அந்த நான்கு பாதைகளின்படியே வகுக்கப்படுகின்றன. இரண்டாவது, எண்ணிக்கையை மதிப்பிடும் வழி. மூட்டை நெல்லில் ஒரு படி சாயம் தோய்த்த நெல்லைக் கலந்து, பிறகு ஒரு கை அள்ளி, அதில் சாய நெல் எத்தனை என்று பார்த்தால் மூட்டையின் அளவை ஊகிக்கலாம் அல்லவா. அதே முறையில், வளையமிட்டவற்றில் எத்தனை சுடப்பட்டன என்ற விகிதத்தையும், மொத்தம் எத்தனை சுடப்பட்டன என்ற கணக்கையும் வைத்து, கண்டத்தின் வாத்துகள் எத்தனை என்று அவர் 1930-ல் கணித்துக் காட்டினார். அந்தக் கை நெல்லை அள்ளித் தருபவர் வேட்டைக்காரர்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. சுட்டவர்கள் எல்லோரும் தெரிவிப்பதில்லை. ஆயிரம் பறவைக்கு வளையமிட்டு ஐம்பது தெரிவிக்கப்பட்டால், சுடப்பட்டவை ஐம்பதுதானா, நூறா? தெரிவிக்கும் விகிதம் தெரியாமல் வேட்டை விகிதம் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க அறிவியலாளர்கள் செய்த தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது: சில பறவைகளுக்குச் சாதாரண வளையத்தோடு, தெரிவித்தால் நூறு டாலர் பரிசு என்று பொறித்த இன்னொரு வளையத்தையும் மாட்டினார்கள். நூறு டாலரை விட்டுவிடுபவர் அநேகமாக இருக்க மாட்டார் என்று கொண்டு, பரிசு வளையங்கள் வரும் விகிதத்தோடு சாதாரண வளையங்கள் வரும் விகிதத்தை ஒப்பிட்டார்கள். அஞ்சலில் மட்டுமே தெரிவிக்க முடிந்த காலத்தில் மல்லார்டின் வளையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே தெரிவிக்கப்பட்டது என்பது அப்போது வெளிப்பட்டது. 1990களின் நடுவில் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும், அதன்பின் இணைய முகவரியும் வளையத்தில் பொறிக்கப்பட்டபோது விகிதம் எழுபது விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தது. தெரிவிப்பவர் கூடியது நல்லதுதான். ஆனால் அதைச் சரிசெய்யாமல் கணக்கிட்டிருந்தால், வேட்டை திடீரென இரு மடங்கானதுபோல் எண்கள் காட்டியிருக்கும்.

வானிலிருந்து எண்ணும் பணி இதற்கு நேர்மாறானது. வேட்டைக்காரரின் பங்கு அதில் இல்லை. 1955 முதல் ஒவ்வொரு மே மாதமும் அமெரிக்க, கனடிய அரசுகளின் உயிரியலாளர்கள் சிறு விமானங்களில், தரையிலிருந்து 100 முதல் 150 அடி உயரத்தில், வகுத்த நேர்க்கோடுகளில் பறந்து, இருபுறமும் 200 மீட்டர் அகலத்துக்குள் தெரியும் வாத்துகளையும் குட்டைகளையும் எண்ணுகிறார்கள். விமானத்தை ஓட்டுபவரும் உயிரியலாளரே. இடப்பக்கம் அவர் எண்ண, வலப்பக்கம் துணையாள் எண்ணுவார். பரப்பு ஏறக்குறைய 20 லட்சம் சதுர மைல். இனத்தைக் கண்டு பெயரைச் சொல்லக் கிடைப்பது ஓரிரு நொடிகள்தாம். இதில் ஒரு வழக்கம் எனக்கு வியப்பளித்தது: தனியே மிதக்கும் ஓர் ஆண் மல்லார்டைக் கண்டால் அதை இரண்டாகக் கணக்கில் ஏற்றுவார்கள். அதன் பெட்டை அருகில் எங்கோ புல்லுக்குள் முட்டைமீது அமர்ந்திருக்கும் என்பது அதன் பொருள். மேலிருந்து தெரியாமல் போனவற்றுக்கும் கணக்கு உண்டு. விமானம் போன கோடுகளில் சிலவற்றைத் தரைக்குழு ஒன்று குட்டை குட்டையாக நடந்து எண்ணும். இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு திருத்தக் காரணி பிறக்கும். 2015-ல் மொத்தம் 4.95 கோடி வாத்துகள் எனக் கணக்கிட்டார்கள், 2024-ல் 3.4 கோடி. இடையே 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பெருந்தொற்றால் விமானம் பறக்கவில்லை. அவ்விரு ஆண்டுகளிலும் பருவ விதிகளைக் கணித மாதிரிகளின் கணிப்பை நம்பியே வகுத்தார்கள்.

இனிச் சிறகுகள். வேட்டை உரிமம் வாங்குபவர்களில் சிலரைத் தெரிந்தெடுத்து, சுடும் ஒவ்வொரு வாத்தின் ஒரு சிறகையும், கூஸ் எனப்படும் பெருவாத்தானால் வால் இறகுகளையும் சிறகு நுனியையும் அனுப்பும்படி, அஞ்சல் கட்டணம் செலுத்திய உறைகளை அமெரிக்க மீன் மற்றும் வனவுயிர்ச் சேவை கொடுத்துவிடுகிறது. என் அலுவலக நண்பர் ஒருவருக்கு அப்படி உறைகள் வந்திருந்தன. அவர் வீட்டுக் கார் கொட்டகையில் பழைய மேசையொன்றில் நாளிதழை விரித்து, உடலை ஒட்டி அறுத்த மல்லார்ட் சிறகை வைத்துக் காட்டினார். மடித்து வைத்தால் சாம்பலும் பழுப்புமாக மங்கலாக இருந்த அந்தச் சிறகு, விரித்ததும் நீலமும் ஊதாவும் கலந்து மின்னியது. அதன் இருபுறமும் வெள்ளைப் பட்டை. உடலுக்கு அருகிலுள்ள இறகுகளைத் தடவிப் பார்க்கச் சொன்னார். நுனி வட்டமாகவும் வழவழப்பாகவும் இருந்தால் முதிர்ந்த பறவை. குறுகியும் நைந்தும் இருந்தால் அந்த ஆண்டுக் குஞ்சு. உறையின் மேல் தேதியையும் மாவட்டத்தையும் எழுதி, ஈரம் உலர்ந்ததும் போட்டு ஒட்டினார். அதில் வேட்டையின் பெருமிதம் எதுவும் இல்லை; வரிப் படிவம் நிரப்புபவரின் முகம்தான் இருந்தது.

பருவம் முடிந்ததும் ஒவ்வொரு பெரும்பாதையிலும் உயிரியலாளர்கள் ஓரிடத்தில் கூடி, பல்லாயிரம் உறைகளைப் பிரித்து, சிறகு சிறகாக இனம், பால், வயது பார்த்துப் பதிவார்கள். இந்தக் கூட்டங்கள் இல்லாவிட்டால் ஒரு முக்கியமான எண் கிடைக்காது. குஞ்சுகளுக்கும் முதிர்ந்தவற்றுக்கும் இடையிலான விகிதமே அது. அந்தக் கோடையில் இனப்பெருக்கம் எப்படி நடந்தது என்பதை அது சொல்லும். சுடப்பட்டவற்றில் குஞ்சுகள் அதிகம் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஏனெனில், உலகம் தெரியாத குஞ்சு, வேட்டைக்காரர் நீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்துகளைக் கண்டு எளிதில் ஏமாந்து இறங்கும், முதிர்ந்த பறவை வட்டமிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பும். எத்தனை மடங்கு எளிதில் சிக்கும்? அதைக் கால்வளையங்கள் சொல்லும்: வளையமிட்ட குஞ்சுகளும் முதிர்ந்தவையும் எந்தெந்த விகிதத்தில் சுடப்பட்டன என்று பார்த்து, சிறகுகளின் விகிதத்தை அதனால் வகுத்தால் உண்மை விகிதம் வரும். வளையமும் சிறகும் தனித்தனியே நின்றால் பாதி பொருள்தான் தரும். இப்படி ஒரு புள்ளிவிவரத்தின் ஓட்டையை இன்னொன்று அடைக்கும் ஏற்பாடு, அடித்தளத்திலிருந்து திட்டமிட்டுக் கட்டியதுபோல் தோன்றினாலும், உண்மையில் பல பத்தாண்டுகளில் ஒட்டுப்போட்டு வளர்ந்தது.

இத்தனையும் சேர்ந்து விடை தேடும் கேள்வி ஒன்றுதான்: சுடுவதால் வாத்துகள் குறைகின்றனவா? கேட்பவருக்கு முட்டாள்தனமாகத் தோன்றும். பத்தைச் சுட்டால் பத்து குறையத்தானே செய்யும்? ஆனால் காட்டு வாத்துகளில் கணிசமான பங்கு எப்படியும் ஆண்டு முடிவதற்குள் நோய், பசி, நரி, குளிர் என ஏதோ ஒன்றுக்கு இரையாகிவிடும். இலையுதிர்காலத்தில் சில சுடப்பட்டால் எஞ்சியவற்றுக்கு உணவும் இடமும் கூடி, குளிர்காலச் சாவு அந்த அளவுக்குக் குறையக்கூடும். அப்படியானால் வேட்டைச் சாவு இயற்கைச் சாவுக்கு ஈடாகிவிடும், அதன்மேல் கூடுதலாக ஏறாது. 1976-ல் டேவிட் ஆண்டர்சனும் கென்னத் பர்னமும் மல்லார்டு வளையக் கணக்குகளை அலசி, ஓர் எல்லைவரை இந்த ஈடாகும் கருத்தையே சான்றுகள் ஆதரிக்கின்றன என்று காட்டியபோது, அதுவரை இரு தரப்பும் உறுதியாக நம்பியது ஆட்டம் கண்டது. பறவை குறைந்ததற்கெல்லாம் வேட்டைப் பருவத்தைச் சுருக்கிய அதிகாரிகளும், வேட்டையால் ஒன்றும் ஆகாது என்று முழங்கியவர்களும் ஒரே தாளில் தங்களுக்கு வேண்டியதைப் படித்தார்கள். விவாதம் அடங்கவில்லை.

அடங்காத விவாதத்தை வைத்துக்கொண்டே ஆண்டுதோறும் விதி வகுக்க வேண்டும். 1995-ல் அமெரிக்க மீன் மற்றும் வனவுயிர்ச் சேவை எடுத்த முடிவை, அறிவியல் நிர்வாகத்தில் நான் கண்ட நேர்மையான முடிவுகளில் ஒன்றாக மதிக்கிறேன். வேட்டைச் சாவு கூடுதலாக ஏறுமா, ஈடாகுமா என்பதற்கு இரு பதில்கள்; பறவைகள் நெருங்கினால் இனப்பெருக்கம் வலுவாகக் குறையுமா, மெல்லக் குறையுமா என்பதற்கு இரு பதில்கள்; ஆக நான்கு மாதிரிகள். எதையும் உண்மை என்று அறிவிக்காமல், நான்குக்கும் சம எடை கொடுத்து, ஒவ்வொன்றும் அடுத்த ஆண்டின் மல்லார்ட் எண்ணிக்கையை முன்கூட்டிச் சொல்லட்டும் என்றார்கள். மே மாதத்து விமானம் உண்மை எண்ணைக் கொண்டுவரும். நெருங்கிச் சொன்ன மாதிரியின் எடை கூடும், தவறியதன் எடை குறையும். விதியோ, கட்டுப்பாடானது, மிதமானது, தாராளமானது, முற்றிலும் மூடியது என்ற சில தொகுப்புகளுள் ஒன்றாக மட்டுமே இருக்கும். பேரம் பேச இடமில்லை. ஆண்டுதோறும் மாநிலங்களும் சங்கங்களும் நாள்களுக்காக வாதாடிய கூட்டங்கள் ஓரளவு அமைதியானதற்கு இதுவே காரணம் என்கிறார்கள்.

இந்த முறையின் குறையையும் சொல்ல வேண்டும். 1997 முதல் நடுக்கண்டத்து வாத்துகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் தாராளத் தொகுப்பே கிடைத்துவருகிறது; மிசிசிப்பிப் பாதையில் அதற்கு அறுபது நாள், நாளொன்றுக்கு ஆறு வாத்து என்று பொருள். விதி மாறாமல் இருந்தால் வேட்டை விகிதமும் பெரிதாக மாறாது. விகிதம் மாறாவிட்டால் வேட்டையின் விளைவை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய வழியில்லை. இனப்பெருக்கம் பற்றிய கேள்வியில் எடைகள் ஒருபுறமாகச் சாய்ந்துவிட்டன. வேட்டைச் சாவு பற்றிய மூலக் கேள்வியோ இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ஊசலாடுகிறது. கற்றுக்கொள்வதற்காக வகுத்த முறை, எல்லோருக்கும் பிடித்த விதியில் வசதியாக அமர்ந்துவிட்டது. இதை மாற்ற வேண்டுமானால், காரணமில்லாமல் சில ஆண்டுகள் பருவத்தைச் சுருக்கியும் பார்க்க வேண்டும். எந்த வேட்டைக்காரரும் அதற்கு இசையமாட்டார், எந்த அதிகாரியும் கேட்கத் துணியமாட்டார்.

வேட்டையும் அறிவியலும் கைகோத்து நடப்பதாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஓர் அத்தியாயம் ஈய ரவை. வாத்தைத் தவறவிட்ட ஒவ்வொரு தோட்டாவிலிருந்தும் நூற்றுக்கணக்கான ஈயத் துணுக்குகள் குட்டையின் அடியில் படிகின்றன. வாத்துக்குப் பல்லில்லை, சிறு கற்களை விழுங்கி அரைவைப்பையில் வைத்து விதைகளை அரைக்கும். கல்லென்று நினைத்து ரவையை விழுங்கினால், அதே அரைவைப்பை ஈயத்தைத் தேய்க்க, அமிலம் கரைக்க, நஞ்சு இரத்தத்தில் ஏறும். பறவையின் சிறகுகள் கூரைபோல் தொங்கும், பறக்க முடியாது, கரையோரப் புல்லில் ஒதுங்கிச் சாகும்; அதற்குள் நரியோ கழுகோ எடுத்துவிடுவதால் பிணம்கூடக் கண்ணில் படாது. இல்லினாய் இயற்கை வரலாற்று ஆய்வகத்தின் ஃபிராங்க் பெல்ரோஸ் 1959-ல், ஆண்டுதோறும் இலையுதிர்கால நீர்ப்பறவைகளில் இரண்டு, மூன்று விழுக்காடு ஈயத்தாலேயே சாகின்றன என்று கணித்து எழுதினார். அந்தக் கணிப்புக்கான அரைவைப்பைகள் வேட்டைக்காரர்கள் சுட்ட பறவைகளிலிருந்து வந்தவை.

எஃகு ரவைக்கு மாறச் சொன்னபோது அதே வேட்டைக்காரர்களில் பலர் கொதித்தார்கள். எஃகு இலேசானது, பறவையைக் கொல்லாமல் காயப்படுத்தும், பழைய துப்பாக்கியின் குழலைக் கெடுக்கும் என்று ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. முப்பது ஆண்டுகள் சான்று இருந்தும் மாற்றம் வரவில்லை. கடைசியில் காரியத்தை நடத்தியது வாத்து அல்ல, வெண்தலைக் கழுகு. ஈயம் ஏறிய வாத்தைத் தின்று நாட்டின் சின்னமான பறவை சாகிறது என்று தேசிய வனவுயிர்க் கூட்டமைப்பு 1980களின் நடுவில் நீதிமன்றம் போனது. 1991-ல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு நாடு முழுதும் தடை வந்தது. பின்னர், சுடப்பட்ட வாத்துகளின் அரைவைப்பைகளை ஆயிரக்கணக்கில் பிரித்துப் பார்த்து 2000-ல் வெளியிட்ட ஆய்வு, மிசிசிப்பிப் பாதையின் மல்லார்டுகளில் ஈயச் சாவு 64 விழுக்காடு குறைந்தது என்றும், 1997-ன் இலையுதிர்காலத்தில் மட்டும் கண்டம் முழுதும் ஏறத்தாழ 14 லட்சம் வாத்துகள் பிழைத்தன என்றும் மதிப்பிட்டது. அறிவியலுக்குச் சான்று தருவது வேறு, அந்தச் சான்று சொல்வதை ஏற்றுக்கொள்வது வேறு என்பதை இந்த வரலாற்றைவிடத் தெளிவாகக் காட்டும் இன்னொன்றை நான் அறியேன்.

துப்பாக்கியின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. தெற்கே நெல், சோள வயல்களில் சிந்திய தானியத்தைத் தின்று கொழுத்த, கூஸ் இனத்துப் பனிவாத்துகள் பெருகிப் பெருகி, வடக்கே கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையின் உப்புச் சதுப்பில் புல்லை வேரோடு பிடுங்கித் தின்றன. சர்ச்சில் நகருக்கு அருகிலுள்ள லா பெரூஸ் விரிகுடாவில் பசுமை போன இடத்தில் மண் உப்பேறி வெறும் சேறானது. 1999-ல் வரம்பை எடுத்துவிட்டு, இளவேனிலிலும் சுடலாம், மின்குரல் கருவியால் அழைக்கலாம், துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேலும் நிரப்பலாம் என்று அனுமதித்தார்கள். சுடப்பட்டவை கூடின, ஆனாலும் பனிவாத்துகள் அதைவிட வேகமாகப் பெருகின. வரம்பு வைத்துக் காப்பதில் வென்ற நிர்வாகம் வரம்பை நீக்கிக் குறைப்பதில் தோற்றது.

அண்மைக் காலத்தில் வேட்டைக்காரரின் பங்கு புதிய இடங்களுக்கும் போயிருக்கிறது. 2022 சனவரியில் தென் கரோலினாவில் வேட்டைக்காரர் சுட்ட ஓர் அமெரிக்க நாமத்தலை வாத்திலிருந்து எடுத்த மாதிரியில்தான், ஐரோப்பாவைக் கலக்கிய எச்5 பறவைக் காய்ச்சல் அமெரிக்கக் காட்டுப் பறவைகளை எட்டிவிட்டது தெரிந்தது. கிழக்குக் கரையின் மல்லார்டுகள் குறைந்துவரும் காரணத்தைத் தேடுவோருக்கும் வேட்டைக்காரர்களே இறைச்சித் துணுக்குகளைக் குப்பியில் அடைத்து அனுப்புகிறார்கள். அதன் மரபணுவைப் படித்தால், வேட்டைக்காகப் பண்ணைகளில் வளர்த்துத் தலைமுறை தலைமுறையாகத் திறந்துவிட்ட ஐரோப்பிய வழிவந்த வாத்துகளின் கலப்பு எவ்வளவு என்பது தெரியும். பழைய வேட்டைக்காரர்கள் நல்லெண்ணத்தோடு செய்ததன் விளைவை இன்றைய வேட்டைக்காரர்கள் குப்பியில் போட்டு அனுப்புவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு வரும் ஆபத்து, அதை எதிர்ப்பவர்களிடமிருந்து அல்ல. 1970களின் தொடக்கத்தில் வாத்து அஞ்சல்தலை ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் விற்றது; இப்போது 15 லட்சத்தைச் சுற்றி நிற்கிறது. இளையவர்கள் வருவதில்லை. சுடுபவர் குறைந்தால் பணம் குறைவது ஒருபுறம் இருக்க, உறைகள் குறையும், வளையங்கள் குறையும், மதிப்பீட்டின் பிழை எல்லை விரியும். 2019-ல் வெளியான ஆய்வொன்று, 1970-க்குப் பின் வட அமெரிக்கா 290 கோடிப் பறவைகளை இழந்தது என்றும், அதே காலத்தில் நீர்ப்பறவைகள் பெருகியிருக்கின்றன என்றும் காட்டியது. வேட்டைக்காரர்கள் அதைத் தங்கள் வெற்றியாகச் சொல்லிக்கொள்வதில் நியாயம் உண்டு. ஆனால் யாரும் சுடாத, யாரும் வாங்காத, எவரும் சிறகை அனுப்பாத புல்வெளிப் பறவைகள் அதே பட்டியலில் மிக மோசமாகச் சரிந்திருக்கின்றன. அவற்றுக்கு இத்தகைய ஏற்பாட்டை எவரும் இன்னும் கட்டவில்லை.

இப்போது நான் கவனித்துவருவது ஊசிவால் வாத்தின் கதையை. 1950களின் நடுவில் ஒரு கோடியை ஒட்டியிருந்த இந்தப் பறவை இன்று 20 லட்சத்தைச் சுற்றி இருக்கிறது. அறுவடை முடிந்த வயலின் தாளிடையே முட்டையிடும் பழக்கம் அதற்கு. இளவேனிலில் உழவு இயந்திரம் வரும்போது கூடு போய்விடும். மற்ற வாத்துகள் மழைக்காலங்களில் மீண்டபோதும் இது மீளவில்லை. பல ஆண்டுகளாக நாளொன்றுக்கு ஒன்றிரண்டுக்கு மேல் சுட அனுமதி இருக்கவில்லை. ஆனால் புதிய மாதிரி, பழைய கணக்கு வேட்டையின் விளைவை மிகைப்படுத்தியிருந்தது என்று காட்டியதால், 2025–26 பருவத்தில் நாளொன்றுக்கு மூன்று வரை சுடலாம் என்று விதி மாறியது. குறைந்துகிடக்கும் ஒரு பறவைக்கு வரம்பைக் கூட்டுவது முதல் பார்வையில் எனக்கு உவப்பாக இல்லை. எனினும் மல்லார்டு விஷயத்தில் செய்யத் தயங்கியதை, அதாவது விதியை மாற்றிப் பார்த்து விளைவை அளப்பதை, இங்கே செய்கிறார்கள். மாதிரி சொல்வது சரியானால், மேயில் பறக்கும் விமானங்கள் சரிவைக் காட்டக் கூடாது, வளையங்களின் வழி கிடைக்கும் பிழைப்பு விகிதமும் இறங்கக் கூடாது. இறங்கினால் மூன்று மீண்டும் ஒன்றாக வேண்டும். அதைச் செய்கிறார்களா என்று பார்க்கத்தான் அடுத்த சில ஆண்டு அறிக்கைகளுக்காகக் காத்திருக்கிறேன்.